கதவை மூடியது யார்

மார்ச் 4, செவ்வாய்

கோதண்டம் சார் இன்று வீட்டுக்கே வந்துவிட்டார். இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட இந்த மாடிப்படி ஏறாதவர். அம்மா நாற்காலியின் உடைந்த கை சுவர்ப் பக்கம் போகும்படி திருப்பிப் போட்டாள். நான் சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"எங்கம்மா நம்ம மினு?" என்றார்.

என் பெயர் எஸ்தர். மினு என்பது 'கடைசிக் கலம்' படத்தில் வரும் இயந்திரப் பெண். வெளிநாட்டுப் படம். அதற்குத் தமிழில் வசனம் எழுதியதும், குரல் கொடுக்க ஆள் பிடித்ததும், பேச வைத்ததும் கோதண்டம் சார். மினுவுக்குப் பேசியது நான். அப்போது எனக்குப் பதினைந்து வயது.

"ரெண்டாம் பாகம் வந்திருக்கும்மா," என்றார்.

"கடைசிக் கலம்னு பேரு வச்சிட்டு ரெண்டாவது எப்படி சார் வரும்?" என்றாள் அம்மா.

"பேரு வச்சது நான். அவன் பாட்டுக்கு எடுத்துக்கிட்டே இருந்தா நான் என்ன பண்ண?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். என்னைப் பார்த்து, "ஏன் பாப்பா ஸ்கூல விட்டுட்ட? நல்லாப் படிக்கிற பொண்ணாச்சே நீ," என்று கேட்டார். அவருக்கு அதைக் கேட்க எப்படித்தான் வாய் வந்ததோ. நான் தரையைப் பார்த்தேன். அம்மா அவசரமாக, "பிஸ்கட் எடுத்துக்குங்க சார்," என்றாள்.

போகும்போது படியில் நின்று சொன்னார்: "ஃப்ளாரன்ஸம்மா, இந்த வாட்டி உங்களுக்கும் ஒரு டயலாக் வச்சிருக்கேன். மினுகூட நேருக்கு நேர். தனி மைக்."

அம்மா பதினெட்டு வருஷமாகக் கூட்டக் குரல். எட்டுப் பெண்கள் ஒரு மைக்கைச் சுற்றி நின்று "ஐயோ", "ஓடுங்க", "தலைவர் வாழ்க" என்று கத்துவார்கள். ஒரு வசனம்கூட அவளுக்கென்று இருந்ததில்லை. அவர் தெருமுனை திரும்பும் வரை அம்மா பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை அவரை விடப்போவதில்லை.

மார்ச் 5, சாம்பல் புதன்

காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். தவக்காலத்தில் எதையாவது விட்டுவிடச் சொன்னார் சாமியார். மன்னிக்கவும் சொன்னார். முதலாவதைச் செய்யலாம் என்று இருக்கிறேன்.

கோதண்டம் சார் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவை இரண்டு. மறந்துவிடாமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

முதலாவது, 'சாப்டியா?'

படத்தில் ஒரு கப்பல் பூமியை விட்டுப் போகிறது. நடுவழியில் பின்பகுதியின் கதவை யாரோ வெளியிலிருந்து மூடிவிடுகிறார்கள். உள்ளே ஒரு வயதான மெக்கானிக்கும் மினுவும் மட்டும். சாப்பாடு தீர்ந்துவிடுகிறது. நாற்பத்தோரு நிமிஷம் வரை மினு ஒரு வார்த்தை பேசமாட்டாள். பிறகு சாகப்போகும் அந்த மனிதர் பக்கம் குனிந்து ஒன்று கேட்பாள். கோதண்டம் சார் எழுதி வந்தது: "உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது?" நாலு தடவை பேசினேன். நாலு தடவையும் மினுவின் உதடு மூடிய பிறகும் என் வசனம் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாவது தடவை தாளைப் பார்க்காமல் "சாப்டியா?" என்றேன். அச்சில் வார்த்தது போல உதட்டில் உட்கார்ந்தது. ஒலிப்பதிவு அறையை விட்டு நான் வெளியே வரும்போதெல்லாம் அம்மா முதலில் கேட்கிற கேள்வி அது. அதனால்தான் வாயில் வந்திருக்க வேண்டும்.

தியேட்டரில் அந்த இடத்தில் ஜனங்கள் அழுதார்கள். பனியனில் அச்சடித்தார்கள். கோதண்டம் சார் ஒரு பேட்டியில், அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று நாள் தூங்கவில்லை என்றார்.

இரண்டாவது, என் பத்தாம் வகுப்பு.

எல்லாம் பேசி முடித்த பிறகு சில வசனங்களைத் திருத்த வேண்டும் என்று காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டார்கள். அன்று பத்து மணிக்கு எனக்கு அறிவியல் தேர்வு. எட்டரை மணிக்குள் விட்டுவிடுவார்கள் என்றாள் அம்மா. ஒன்பதாகப் போனபோது மைக்கில் சொன்னேன், எனக்கு எக்ஸாம் என்று. அதைச் சொல்ல அரை மணி நேரம் தைரியம் சேர்த்தேன். பதில் வரவில்லை. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஹெட்போனை மாட்டியதும் அவர் குரல்: "இன்னும் ஆறு லைன்தான் பாப்பா." ஆறு லைன் பத்தேகால் வரை நீண்டது. பள்ளி கேட் மூடியிருந்தது. அம்மா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை.

ஜூன் மாதம் துணைத்தேர்வு எழுதலாம் என்றார்கள். விண்ணப்பம் வாங்கப் போக வேண்டிய நாளில் அம்மாவுக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது. மறுநாள் என்னைத் தனியாகப் போகச் சொன்னாள். அந்த அலுவலகத்தில் யாரிடம் என்ன கேட்பது என்று நினைத்ததுமே மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டேன். போகவில்லை. அதற்கும் அவர்தான் காரணம்.

மார்ச் 7, வெள்ளி

ஸ்டூடியோவில் இரண்டாம் பாகத்தை மூலமொழியில் போட்டுக் காட்டினார்கள். அஃப்சல் அண்ணன்தான் ஒலிப்பதிவு. முதல் பாகத்துக்கும் அவர்தான். என்னிடம் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாத ஒரே ஆள்.

முதல் பாகம் முழுக்க ஒரே கப்பல், ஒரே கதவு. இரண்டாம் பாகத்தில் மூன்று கோள்கள், ஒரு சந்திரன், ஒரு பெரிய போர். முதல் பாகத்தில் மினுவின் கை துருப்பிடித்துக் கிறீச்சிடும். இதில் பளபளவென்று புதுக் கை போட்டிருக்கிறார்கள். முப்பது வருஷம் கழித்துப் பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள் கப்பலைக் கண்டுபிடித்துக் கதவை அறுக்கிறார்கள். மினு வெளியே வந்து, கதவை மூடியது யார் என்று தேடிப் போகிறாள்.

"மொதல் படம் மாதிரி இல்லல்ல?" என்றார் அண்ணன். "அதுல ஒரு அமைதி இருந்துச்சு. இது கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு."

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. முதல் பாகத்தில் எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. கதவை மூடியது யார் என்று கடைசி வரை சொல்லமாட்டார்கள். யாராவது வந்து திறப்பார்கள் என்பது போல மினு கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், படம் முடிந்துவிடும். இதில் சொல்லிவிடுகிறார்கள். மூடியவர் கேப்டன். மினு அவரைக் கண்டுபிடிக்கிறாள். அவர் என்னென்னவோ காரணம் சொல்கிறார். திறந்து வைத்திருந்தால் மற்றவர்கள் செத்திருப்பார்களாம். மினு கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவை மூடிவிடுகிறாள்.

அந்த இடத்தை இரண்டு தடவை போடச் சொன்னேன். சைகையால்தான்.

மார்ச் 8, சனி

குடிதண்ணீர் கேன் வரவில்லை. கீழ்வீட்டு கலாவதி அக்காவிடம் இரண்டு குடம் வாங்கினேன்.

மார்ச் 10, திங்கள்

தமிழ் வசனத் தாள் வந்தது. 'சாப்டியா?' பதினாலு இடத்தில் இருக்கிறது. எண்ணினேன். முதல் பாகத்தில் ஒரே ஒரு தடவை. இதில் மினு காவல்காரனை அடித்துச் சுவரில் எறிந்துவிட்டு "சாப்டியா?" என்கிறாள். விண்கலம் கிளப்பும்போது "சாப்டியா?" என்கிறாள்.

ஒரு இடம் மட்டும் பரவாயில்லை. சந்திரனில் அகதி முகாமில் ஒரு பெண்மணி தன் பங்கு ரொட்டியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். மினு கேட்பாள். அவள், "சாப்டேன் கண்ணு. நீ?" என்பாள். அதுதான் அம்மாவின் வசனம்.

என்னை மார்ச் 17-ஆம் தேதிக்குப் போட்டிருக்கிறார்கள். பெரிய வேஷங்கள் எல்லாம் பேசி முடித்த பிறகு. அம்மா ஃபோனில், "முன்னாடியே வச்சுக்கலாமே சார்?" என்று கேட்டாள். "எஸ்தர்தானேம்மா, எப்ப கூப்பிட்டாலும் வரும்," என்றாராம். அம்மா அதைப் பெருமையாகச் சொன்னாள்.

ஏப்ரல் 4-ஆம் தேதி படம் வெளியாகிறது. 17-ஆம் தேதி எனக்குக் குரல் இல்லாவிட்டால் அவர் என்ன செய்வார்? வரமாட்டேன் என்று என்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. குரல் இல்லை என்றால் சொல்லவே வேண்டாம்.

சாமியார் எதையாவது விடச் சொன்னார் அல்லவா.

மார்ச் 11, செவ்வாய்

குரல் கொடுக்க ஆரம்பித்த ஆறு வயதிலிருந்து நான் ஐஸ் சாப்பிட்டதில்லை. தொண்டைக்கு ஆகாது என்று அம்மா விட்டதில்லை. பிறந்தநாளில்கூட எனக்குக் கேக்; மற்ற பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம். இன்று தெருவில் வந்த வண்டியில் குல்ஃபி வாங்கி மாடிப்படியிலேயே நின்று தின்றேன். இன்னொன்று வாங்கினேன். இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரியாது.

மார்ச் 12, புதன்

ஐஸ் மட்டும் போதாது. கத்தினால்தான் குரல் போகும். பிரச்சினை என்னவென்றால் நான் இதுவரை கத்தியதே இல்லை. அம்மா வேலைக்குப் போனதும் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மினு கேப்டனைப் பார்க்கிற இடத்தை நினைத்துக்கொண்டேன். அதன் பிறகும் கீழ்வீட்டில் கேட்குமோ என்று பயமாக இருந்தது. மிக்ஸியைப் போட்டேன். காலி ஜாடி. அது ஓடுகிற வரைக்கும் கத்தினேன்.

கடைசியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது கத்தியதால்.

மார்ச் 14, வெள்ளி

துணி துவைத்தேன். கோதுமை அரைத்து வந்தேன். குல்ஃபி இரண்டு. மிக்ஸி நாலு தடவை.

படியில் கலாவதி அக்கா பிடித்துக்கொண்டாள். "என்னடி, டெய்லி சட்னியா? ஒரு கிண்ணம் கீழ குடுத்தாத்தான் என்ன?"

தலையாட்டினேன். நாளைக்கு நிஜமாகவே தேங்காய்ச் சட்னி அரைத்துக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 15, சனி

குரல் கம்மிவிட்டது. அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "ம்" என்றது எனக்கே வேறு யாரோ சொன்னது போல இருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் பாலில் போட்டாள். வேது பிடிக்க வைத்தாள். தூதுவளை தேடி மூன்று கடை ஏறி இறங்கினாள்.

"கண்ணு பட்டுடுச்சு," என்றாள். "கொஞ்சம் சாப்டியா?"

அவள் அந்தப் பக்கம் போனதும் பாலைக் குளியலறையில் கொட்டினேன். அம்மாவைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இது அம்மாவுக்கும் சேர்த்துத்தான். அன்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் அழுததை நான் மறக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

முழுசாகப் போய்விட்டது. மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தேன். பழைய ஃபேன் சுற்றுவது போல ஒரு சத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோதண்டம் சார் எழுந்து நின்றதைப் பார்த்தேன். இரண்டு வருஷமாக இந்த முகத்தைப் பார்க்கத்தான் காத்திருந்தேன்.

அவர் உள்ளே வந்து என் தலையில் கை வைத்தார். "அடடா, பாவமே. காய்ச்சல் இருக்கா பாப்பா? போய் ரெஸ்ட் எடு." பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பி, "அஃப்சலு, மொதல் பாகத்து ரா ஃபைல் எல்லாம் இருக்குல்ல? அதுலேர்ந்து வெட்டி ஒட்டிடலாம். மெஷின் குரல்தானே, லேசா உடைஞ்சா யாருக்குத் தெரியும்? மிச்சத்த அது தேறினதும் எடுப்போம்," என்றார்.

அவ்வளவுதான். ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்தியதற்கு அவருக்கு ஒரு நிமிஷக் கவலை. பதினைந்து வயது எஸ்தர் பெட்டிக்குள் இருக்கிறாள். அவளை எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பேச வைக்கலாம்.

எந்த வசனம் எங்கே இருக்கிறது என்று காட்ட நான் இரண்டு நாள் அஃப்சல் அண்ணனோடு உட்கார வேண்டுமாம்.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன், பழைய ஃபைல்களைக் கேட்கப் போகிறோம் என்று. தோசை திருப்பிக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றாள். தோசை கருகியது.

"பழசெல்லாம் எதுக்கு?" என்றாள். "ரெண்டு நாள் பொறுத்தா குரல் வந்துடும். புதுசாவே பேசு. நான் சார்கிட்ட சொல்றேன்."

ஃபோன் செய்தாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை போல. அதன் பிறகு என் டப்பாவில் தயிர்சாதம் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அவளும் கூட வருவதாகக் கிளம்பினாள். கூட்டக் குரல் வேலை இருந்ததால் வர முடியவில்லை.

ஸ்டூடியோவில் நாள் முழுக்கப் பழைய குரல். அஃப்சல் அண்ணனுக்கு நோன்பு. 'சாப்டியா'வைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பதினாலு இடத்திலும் பொருத்திப் பார்த்தார். "நோன்பு வச்சவன்கிட்ட பதினாலு வாட்டி கேக்குது பாரு எஸ்தரு, இந்தப் பொண்ணு," என்றார். சிரித்தேன். தொண்டை வலித்தது.

முதல் பாகத்தின் 'சாப்டியா'வில் கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு இருக்கிறது. எங்கே ஒட்டினாலும் அந்த மூச்சு ஒட்டமாட்டேன் என்கிறது.

மார்ச் 19, புதன்

கடைசி நாள் ஃபைல் என்று ஒன்று இருந்தது. தேதியைப் பார்த்தேன். என் அறிவியல் தேர்வு நாள்.

மதியத் தொழுகைக்குப் போனார் அண்ணன். "ஓடட்டும், மூச்சு எங்க வருதுன்னு குறிச்சு வை," என்றார்.

ரா ஃபைல் என்றால் நடுவில் நிறுத்தாமல் பதிவானது. வசனத்துக்கு நடுவில் இருமினாலும், நாற்காலியை இழுத்தாலும் அதில் இருக்கும். மைக்கை அணைக்கவே மாட்டார்கள்.

முதலில் என் குரல்: "சார், பத்து மணிக்கு எக்ஸாம் சார்."

ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டுகிற சத்தம். கதவு. நான் தண்ணீர் குடிக்கப் போகிறேன். அம்மா உள்ளேதான் இருந்தாள். சின்ன வயசு என்பதால் அறை மூலையில் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள்.

பிறகு, ஸ்டாண்டில் தொங்கிய ஹெட்போனிலிருந்து எறும்பு பேசுவது போலக் கோதண்டம் சாரின் குரல்: "ஃப்ளாரன்ஸம்மா, பாப்பா எக்ஸாம்ங்குதே, பப்ளிக் எக்ஸாமா? அப்படின்னா அனுப்பிடலாம்மா. ரெண்டு நாள் தள்ளி வச்சுக்கலாம்."

ஸ்டூல் நகர்கிறது. அம்மா மைக்கின் பக்கத்தில் வருகிறாள்.

"இல்ல சார். அது சும்மா ரிவிஷன் டெஸ்ட். பயந்துக்கிட்டுச் சொல்லுது. நீங்க முடிங்க சார்."

"நிச்சயமாம்மா?"

"நிச்சயம் சார்."

கதவு. என் செருப்புச் சத்தம். ஹெட்போனை எடுக்கிறேன். "இன்னும் ஆறு லைன்தான் பாப்பா."

மூன்று தடவை கேட்டேன். அம்மாவின் குரல் தெளிவாக, நடுக்கமில்லாமல் இருந்தது. தனி மைக்கில் அவள் பேசிப் பதிவான முதல் வசனம் அதுதான்.

அண்ணன் திரும்பி வந்து, "மூச்ச குறிச்சியா?" என்று கேட்டார். குறித்த தாளைக் கொடுத்தேன்.

வீட்டில் அம்மா, "என்ன ஃபைலெல்லாம் போட்டாங்க?" என்றாள், கீரையை ஆய்ந்துகொண்டே. கீரையையே பார்த்தாள். நான் தொண்டையைக் காட்டினேன், பேச முடியவில்லை என்று.

மார்ச் 20, வியாழன்

கோதுமைக் கஞ்சி. பாத்திரம் தேய்த்தேன். குல்ஃபி வண்டி வந்தது. போகவில்லை.

மார்ச் 21, வெள்ளி

அம்மா கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்கிறாள். "சாப்டேன் கண்ணு. நீ? சாப்டேன். கண்ணு, நீ?" காலையிலிருந்து. பக்கத்தில் வந்து, "எது நல்லாருக்கு எஸ்தரு? நீ இதுல பெரிய ஆளு, சொல்லு," என்றாள்.

முதலாவது என்று விரலைக் காட்டினேன். உண்மையிலேயே முதலாவதுதான் நன்றாக இருந்தது.

வேது பிடித்தேன். பாலைக் கொட்டாமல் குடித்தேன். இப்போது எனக்குக் குரல் வேண்டும்.

மார்ச் 22, சனி

அம்மா பேசிவிட்டு வந்தாள். ஒரே தடவையில் எடுத்துவிட்டார்களாம். வெளியே வந்ததும் அஃப்சல் அண்ணன் எழுந்து நின்று, "மாஷா அல்லாஹ்மா," என்றாராம். அதையே ஐந்து தடவை சொன்னாள். கலாவதி அக்காவிடம் சொன்னாள். பால்காரரிடம் சொன்னாள்.

"பசியோட இருக்கறவ, சாப்டேன்னு சொல்றா பாரு எஸ்தரு. அந்தப் பொய்யச் சொல்றதுதான் கஷ்டம்," என்றாள்.

நான் கதவுப் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 24, திங்கள்

குரல் முக்கால்வாசி வந்துவிட்டது. ஒட்டி நிரப்ப முடியாத ஒன்பது வசனங்களைப் பேசினேன். கேப்டனின் கதவை மூடுகிற இடம் அதில் ஒன்று. அங்கே மினு எதுவும் பேசுவதில்லை, மூச்சு மட்டும். கோதண்டம் சார், "அபாரம் பாப்பா," என்றார்.

பிறகு முகாம் காட்சியைச் சேர்த்துப் போட்டார்கள். என் 'சாப்டியா?' அம்மாவின் 'சாப்டேன் கண்ணு. நீ?'

அறையில் யாரும் பேசவில்லை. நன்றாக இருந்தால் அப்படித்தான்.

நான் சொன்னேன்: "சார், இது சரியா வரல."

அவர் திரும்பிப் பார்த்தார். மைக் இல்லாமல் நான் அவரிடம் பேசியது இதுதான் முதல் தடவை.

"அம்மா குரலும் என் குரலும் ஒரே மாதிரி இருக்கு சார். ஒரே ஆள் தனக்குத்தானே கேட்டு, தனக்குத்தானே பதில் சொல்ற மாதிரி கேக்குது. வேற யாராவது பேசினா நல்லாருக்கும்."

மறுபடி போட்டுக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை. "ஆமாம்மா," என்றார் மெதுவாக. "எனக்குத் தோணவே இல்ல பாரு. அச்சு அசல் ஒரே குரல்."

அஃப்சல் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"ஃப்ளாரன்ஸம்மா வருத்தப்படுமே," என்றார் சார். "நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன்."

"வேணாம் சார். நானே சொல்லிக்கிறேன்."

மதியமே வேறொருவரைக் கூப்பிட்டுப் பேச வைத்துவிட்டார்கள். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. குரல் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "என் இடம் வந்துச்சா? எப்படி இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சு," என்றேன்.

மார்ச் 29, சனி

அம்மா கிறிஸ்துமஸுக்குக் கட்டிய பச்சைப் புடவையை எடுத்து வெளியில் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு மூன்று டிக்கெட். கலாவதி அக்காவும் வருகிறாள்.

இன்னும் சொல்லலாம். ஆறு நாள் இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

தலையணை உறைகளைத் துவைத்தேன். இரண்டு நாள் இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

பதினோரு மணிக் காட்சி. தியேட்டர் முக்கால்வாசி நிறைந்திருந்தது. முதல் 'சாப்டியா?'வுக்கு விசில் அடித்தார்கள். நாலாவதுக்கு லேசாகச் சிரித்தார்கள். எட்டாவதுக்கு ஒன்றும் இல்லை. அந்த மூச்சு எங்கேயும் ஒட்டவில்லை. எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

சந்திரன் வந்ததும் அம்மா கலாவதி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப வரும், இப்ப வரும்."

அகதி முகாம். ரொட்டியைப் பிள்ளைகள் பிய்த்துத் தின்கிறார்கள். மினு குனிகிறாள். சாப்டியா? பின்வரிசையில் ஒருவன், "டேய், மறுபடியுமா," என்றான்.

அந்தப் பெண்மணி நிமிர்ந்தாள். "சாப்டேன் கண்ணு. நீ?"

வழவழப்பான குரல். சோறு தின்றவளின் குரல்.

நான் திரையைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தேன். அது கலாவதி அக்காவின் கை மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மெதுவாக எடுத்து மடியில் இருந்த பையின் மேல் வைத்துக்கொண்டாள். மினு கேப்டனின் கதவை மூடியபோதும் அந்தக் கை அப்படியே இருந்தது. எனக்குப் பிடித்த அந்த இடம் எப்போது வந்து போனது என்றே தெரியவில்லை.

வெளியே வெயில். "எங்க ஃப்ளாரன்ஸு உன் குரலு?" என்றாள் கலாவதி அக்கா. "நான் கவனிக்கலையே. அந்த ரொட்டிக்காரி நீயா? உன் குரல் மாதிரியே இல்லையே."

"அது இல்லக்கா," என்றாள் அம்மா. "கப்பல் வெடிக்குதுல்ல, அப்ப 'ஐயோ, கதவத் திறங்க'ன்னு கத்துவாங்க. அதுல நாலாவது குரல் நாந்தான்."

"அதுதானா? நல்லாருந்துச்சு நல்லாருந்துச்சு," என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்து அம்மா புடவையை மாற்றினாள். மடித்து வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் மடிப்பையே நீவிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஃபைல அழிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு வெளிய பெஞ்சுல இன்னொரு பொண்ணு உக்காந்திருந்துச்சு எஸ்தரு. அவங்க அம்மாவும். நீ போயிருந்தா ரெண்டு நாள்ல அந்தப் பொண்ண வச்சு முழுசாப் பேசி முடிச்சிருப்பாங்க. பரீட்சைய ஜூன்ல எழுதிக்கலாம், மைக்கு திரும்ப வருமா? பதினெட்டு வருஷமா நான் அந்தக் கூட்டத்துல நின்னு..."

எழுந்துபோய் மிக்ஸியைப் போட்டேன். காலி ஜாடி. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. உதட்டைப் பார்த்தே என்ன வார்த்தை என்று எனக்குச் சொல்ல முடியும். அது என் தொழில். அதனால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மிக்ஸி சூடாகிக் கருகிய வாசனை வரும் வரை நிறுத்தவில்லை. நிறுத்தியபோது அவள் பேசி முடித்திருந்தாள்.

எனக்கு வருத்தம் இல்லை. எழுதி வைக்கிறேன், பிறகு மாற்றிச் சொல்லாமல் இருக்க. அவள் என்னுடையதை எடுத்தாள், நான் அவளுடையதை எடுத்தேன்.

படத்தைப் பற்றி மட்டும் ஒன்றை மாற்றி எழுத வேண்டும். மார்ச் 7-ஆம் தேதி எழுதியது தப்பு. முதல் பாகம்தான் நல்ல படம். கதவை மூடியது யார் என்று அதில் சொல்லாமல் விட்டது குறை இல்லை. தெரியாத வரைக்கும் மினு அந்தக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்க முடிந்தது.

அம்மாவுக்கு மூன்று மணிக்கு வேறொரு படத்தில் கூட்டக் குரல். முகம் கழுவினாள். சோறு வடித்தாள். என் தட்டில் சோறும் ரசமும் போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினாள். பையை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டினாள். கதவருகில் ஒரு நிமிஷம் நின்றாள்.

நான் காத்திருந்தேன்.

கேட்காமலேயே போய்விட்டாள்.